காரில் உப்புத் தண்ணீர்க் கறை: எடுக்கும் வழியும் வராமல் காக்கும் வழியும்

காலையில் கழுவி நிறுத்திய வண்டியைப் பத்து மணி வெயிலுக்குப் பிறகு பார்த்தால் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மறையும், காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும். கறுப்பு, கருநீலம், மெரூன் வண்டிக்காரர்களுக்கு இது தினசரி வேதனை. வெள்ளை வண்டியிலும் அதே கறை உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை, அதனால் பெயின்ட்டுக்குச் சேதமும் அதிகம்.

இது தூசி அழுக்கு இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் உப்பும் போகாமல் தங்கிவிட்டன. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் நாளடைவில் வெள்ளையாக ஏடு கட்டுமே, அதுவேதான். தண்ணீரில் கரைந்து கிடக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வண்டியில் அந்தப் பாத்திரத்தின் வேலையைச் செய்வது பானட், கூரை, டிக்கி மூடி ஆகிய மூன்றும். மூன்றும் படுக்கைவாட்டில் இருப்பதால் துளி வழியாமல் நிற்கும். பானட்டுக்கு மேலே வெயில், கீழே இன்ஜின் என்று இரண்டு பக்கமும் சூடு. கதவுகளைவிட இந்த மூன்றில்தான் கறை முதலில் வரும், ஆழமாகவும் இறங்கும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று வீட்டில் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும். அது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் பொருள் கரைந்திருக்கிறது என்று காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியத்தின் அளவைக் குறிக்கும் கடினத்தன்மைக்கு இந்த இரண்டு வரம்புகள் 200, 600. குடிக்கலாம் என்று சொல்லும் இந்த அளவே பெயின்ட்டுக்கு மிக அதிகம். டி.டி.எஸ். 50-க்குக் கீழே இருந்தால் கறை பெரிதாகத் தெரியாது. 200-க்கு மேல் போனால், துடைக்காமல் விட்ட ஒவ்வொரு துளியும் தடம் வைக்கும். பல ஊர்களில் போர் தண்ணீர் 1000-ஐத் தாண்டுகிறது.

1000 என்றால் என்ன என்பதைக் கணக்காகப் பாருங்கள். கழுவி முடித்த வண்டியில் ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 மில்லி, ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது காய்ந்தால் 200 மில்லிகிராம் படிவு மிஞ்சும். ஒரு சிட்டிகை சுண்ணாம்பை ஆயிரம் புள்ளிகளாகப் பிரித்து வண்டிமேல் ஒட்டிவைத்ததற்குச் சமம்.

மீட்டர் இல்லையென்றால் ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டு, ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு என்று தள்ளித் தள்ளி வைத்து வெயிலில் காயவிடுங்கள். போர் தண்ணீர் சொட்டின் விளிம்பில் வளையம் தடித்திருக்கும், நடுவில் மெல்லிய மூட்டம். ஆர்.ஓ. சொட்டில் லேசான கோடு. டிஸ்டில்டு வாட்டர் இருந்த இடம் அநேகமாகத் தெரியவே தெரியாது. எந்தத் தண்ணீரைக் கடைசியாக ஊற்ற வேண்டும் என்பதை இந்தத் தட்டே சொல்லிவிடும்.

இங்கே ஒரு தவறு வீடுவீடாக நடக்கிறது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்து வண்டி கழுவுகிறார்கள். சிக்கன எண்ணம் நல்லதுதான், ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு குழாயில் வருவதைவிட அதிகம். நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அங்கேதான் போகிறது. அதை வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கறை மேலே இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா

மருந்து எது என்பதை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது. இன்றைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கும். பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் தடிமன், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கறை இந்த அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தால் அமிலத்தில் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால், பனியில் நனைவதும் வெயிலில் காய்வதுமாகப் படிவு கிளியர் கோட்டையே அரித்துக் குழி போட்டுவிடும். குழியை எதைக் கொண்டும் கரைக்க முடியாது. சுற்றியுள்ள மேடு குழியின் அளவுக்கு இறங்கும்வரை தேய்த்தால்தான் மறையும்.

கழுவித் துடைத்த பானட்டில், மெல்லிய பாலிதீன் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். வெறும் கையைவிட உறை போட்ட கைக்குச் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். மணல்போல நெருடினால் படிவு மேலே இருக்கிறது. வழவழப்பாக இருந்தும், செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வளையம் தெரிகிறது என்றால் அது குழி. ஒரே வண்டியில் இரண்டும் கலந்தே இருக்கும். எனவே லேசான வழியில் தொடங்குங்கள். அதில் போகாததற்கு மட்டும் அடுத்த வழி.

கழுவுவது

நிழலில், வண்டி ஆறிய பிறகு. புறங்கையை பானட்டில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடு தெரிந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் துணியை அலசும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சக்கரம் கடைசி. ஒவ்வொரு பாகம் முடிந்ததும் துணியை அலசும் வாளியில் நன்றாக அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். அலசாத துணியில் ஒட்டியிருக்கும் மணல், பெயின்ட்டில் சிலந்தி வலைபோல வட்டக் கீறல் போடும். கறை எடுக்கப்போய்க் கீறல் வாங்குவது இப்படித்தான்.

துணி துவைக்கும் சோப்பைத் தொட வேண்டாம். சோப்பு கடினநீரோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரியும். குளியலறைச் சுவரில் ஒட்டும் அந்தச் சாம்பல் ஏடு வண்டியிலும் ஒட்டும்.

வினிகர்

கடையில் விற்கும் வெள்ளை வினிகர்தான் வேண்டும். லேபிளில் அசெட்டிக் அமிலம் 4 அல்லது 5 சதவீதம் என்று இருக்கும். நிறமோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். அரை லிட்டர் வினிகர், அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், இரண்டையும் ஸ்பிரே பாட்டிலில் கலந்தால் ஒரு சிறிய கார் முழுவதற்கும் தாராளமாகப் போதும். குறைந்தது ஆறு மைக்ரோஃபைபர் துணி தயாராக இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட்டிகோ தரை கடப்பா கல்லா, மார்பிளா என்று முன்பே பாருங்கள். இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை, வினிகர் சொட்டிய இடமெல்லாம் மெருகு போய் வெளுத்த புள்ளி விழும். ஈரமாகவே வைத்திருந்து அடிக்கடி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், அல்லது வண்டியைத் தெருவில் நிறுத்தி வேலை செய்யுங்கள்.

1. டிக்கி மூடியின் ஓரத்தில், உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துப் பாருங்கள். நிறம் மங்காமல், பிசுபிசுப்பு இல்லாமல் இருந்தால் மேற்கொண்டு போகலாம்.

2. ஒரு நேரத்தில் பானட்டில் பாதி, அல்லது ஒரு கதவு, அவ்வளவுதான். கலவையைத் துணியில் நனைத்து, பிழியாமல் கறைமேல் விரித்துப் போடுங்கள். நேரே ஸ்பிரே அடித்தால் வழிந்தோடிவிடும். அமிலத்துக்கு வேலை செய்ய நேரம் வேண்டும்.

3. ஒன்று முதல் இரண்டு நிமிடம் விடுங்கள். படிவு தடித்திருந்தால் துணியைத் தூக்கும்போது நுண்ணிய குமிழ்கள் தெரியும். அது சுண்ணாம்பு கரைந்து வெளிவரும் கரியமில வாயு. துணி காயத் தொடங்கினால் உடனே இன்னும் கொஞ்சம் நனையுங்கள்.

4. அதே துணியால், அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்துத் துடைத்துவிட்டு ஏராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு அந்த இடத்தை ஷாம்புத் தண்ணீரால் கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். இங்கே ஒற்றாமல் விட்டால் எடுத்த கறைக்குப் பதில் புதுக் கறை வரும்.

5. போகவில்லையா, இன்னும் ஒரு முறை செய்யுங்கள். மூன்றாவது முறையும் போகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அமிலம் செய்யக்கூடியதைச் செய்து முடித்துவிட்டது.

வினிகரைப் பூசி வெயிலில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. தண்ணீர் ஆவியாக ஆவியாக, கரைந்த சுண்ணாம்பு அங்கேயே திரும்பப் படியும். மினுக்கிய அலுமினியப் பட்டைகளிலும், உரிந்த குரோம் பாகங்களிலும் வினிகர் படாமல் பாருங்கள். மேட் ஃபினிஷ் பெயின்ட் என்றால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் எதையும் பூசாதீர்கள். பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தைக் குறைந்தது ஒரு மாதமாவது சும்மா விடுங்கள்.

வினிகருக்குப் பதிலாக, மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று தரும் சிட்ரிக் அமிலத் தூளையும் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 20 கிராம். வினிகரைவிடச் சற்று வேகமாக வேலை செய்யும், நாற்றமும் இல்லை. ஆனால் இது சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, காயவிட்டால் புதிய வெள்ளை மூட்டம் தங்கும். எனவே வினிகருக்கு இரண்டு நிமிடம் என்றால் இதற்கு ஒரு நிமிடம், தண்ணீரும் இரண்டு மடங்கு. எலுமிச்சையை வெட்டி நேரே தேய்ப்பது வேண்டாம். அளவு கைக்குள் இருக்காது, சக்கையும் தூசியும் சேர்ந்து கீறும்.

அறியாமல் செய்யும் விபரீதங்கள்

பாத்ரூம் ஆசிட், கழிவறை கழுவும் திரவம், டைல்ஸ் கிளீனர் ஆகியவற்றில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். கறை நொடியில் போவதைப் பார்த்து மகிழ்ந்துவிடுவார்கள். கதவு இடுக்கிலும் நம்பர் பிளேட் திருகிலும் இறங்கிய அமிலம் இரும்பில் துருவைத் தொடங்கிவைக்கும், அது வெளியே தெரிய மாதங்கள் ஆகும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச் திரவத்தோடோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் கறை நீக்கி என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளோரைடோ இருக்கும். லேபிளில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் வாங்காதீர்கள். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே உள்ளே இறங்கும் விஷம் அது.

டிஸ்டில்டு வாட்டர் வாங்கும் பேட்டரிக் கடையில் பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேனில்தான் இருக்கும். அது கந்தக அமிலம். கேனின் லேபிளைப் படித்து, கடைக்காரரிடம் ஒரு முறை கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். 10-க்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதில் இருப்பது டிஸ்டில்டு வாட்டர் இல்லை.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் போட்டால் கறை மறைந்த மாதிரி இருக்கும். எண்ணெய் பளபளப்பில் மறைகிறதே தவிர, சுண்ணாம்பை எண்ணெய் கரைப்பதில்லை. இரண்டு நாளில் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். பற்பசையில் தேய்ப்புத்துகள் உண்டு, அதன் பருமன் நம் கையில் இல்லை. வேண்டாம்.

கிளே பார்

வினிகருக்குப் பிறகும் பாலிதீன் உறைக்குள் நெருடல் தெரிந்தால் கிளே பார். பெயின்ட்டில் இறுக ஒட்டியிருக்கும் துகளைப் பிடுங்கியெடுக்கும் ஒருவகைக் களிமண். 50 கிராம் துண்டைக் கிள்ளி அடைபோல் தட்டிக்கொள்ளுங்கள். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அந்த ஈரத்தில் முன்னும் பின்னுமாக வழுக்கவிடுங்கள், வட்டமாக வேண்டாம். இழுக்கும்போது தடங்கினால் ஈரம் போதவில்லை. துண்டின் முகத்தில் அழுக்கு தெரிந்ததும் மடித்துப் பிசைந்து புது முகம் எடுங்கள். கீழே விழுந்த துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள், எவ்வளவு கழுவினாலும் அதில் புகுந்த மணல் வெளியே வராது.

பாலிஷ்: குழி விழுந்ததற்கு மட்டும்

இது கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைக்கும் வேலை. கையில் இருப்பது ஒரு தலைமுடி தடிமன்கூட இல்லை, வளராது, திரும்ப வராது. அதனால்தான் மாதா மாதம் பாலிஷ் போடும் வண்டி ஐந்தாறு வருடத்தில் கூரையில் பால் வெளுத்து உரிகிறது. கறை கண்ணை உறுத்தினால் ஒரு முறை செய்யுங்கள். ஓரிரு வளையங்கள் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகின்றன என்றால் அப்படியே விட்டுவிடுவதே வண்டிக்கு நல்லது.

புதியவர்களுக்கு, சுழன்றுகொண்டே அசைந்தும் ஆடும் டூயல் ஆக்ஷன் பாலிஷர்தான். ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சுழன்று சூடேற்றி, சில விநாடிகளில் கிளியர் கோட்டை எரித்துவிடும். பழகிய கைக்கு மட்டுமே அது. ரப்பர் பட்டைகள், கறுப்பு பிளாஸ்டிக், பானட்டின் கூரான ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரங்களில்தான் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு லேசில் போகாது.

மெஷினில் மாட்டும் மென்மையான பஞ்சு வட்டான ஃபினிஷிங் பேடில், கடுகு அல்ல, பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு ஃபைன் பாலிஷ் வையுங்கள். மெஷினை ஓடவிடாமல் 2 அடிக்கு 2 அடி இடத்தில் பேடால் தடவிப் பரப்பிவிட்டு, பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். ஆறு வேகம் இருக்கும் மெஷினில் நான்கு. விநாடிக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று மெதுவாக, முதலில் இடவலமாக, பிறகு மேல்கீழாக, முந்தின தடத்தில் பாதியை மூடிக்கொண்டு போங்கள். நான்கிலிருந்து ஆறு சுற்றில் பாலிஷ் கண்ணாடிபோல மெலிந்துவிடும், அங்கே நிறுத்துங்கள். மெஷினின் எடையே போதுமான அழுத்தம். நடுநடுவே பெயின்ட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை பொறுக்காத சூடு தவறு. பேடில் பாலிஷ் காய்ந்து கட்டினால் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் தொடருங்கள், இல்லாவிட்டால் அந்தக் கட்டியே கீறும்.

சில பழைய வண்டிகளில் கிளியர் கோட் இருக்காது. அப்போது பேடில் வண்டியின் நிறமே ஏறும். பயப்பட வேண்டாம், ஆனால் தேய்வது நிறமேதான் என்பதால் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடில் நிறம் ஏறினால் அது வேறு விஷயம்: கிளியர் கோட் தேய்ந்து நிறம் வரை வந்துவிட்டது. அந்த நொடியே மெஷினை எடுத்துவிடுங்கள்.

பாலிஷ் போட்டதும் குழி போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது. பாலிஷில் உள்ள எண்ணெய் குழியை நிரப்பி மறைக்கும், இரண்டு மூன்று கழுவலில் வளையம் திரும்பத் தலைகாட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோடு அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஒரு முறை துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம். அந்தக் கலவை எளிதில் தீப்பற்றும், அருகில் பீடி சிகரெட் கூடாது.

கண்ணாடி

முன் கண்ணாடிக்கும் முதலில் அதே வினிகர்தான். ஐந்து நிமிடம் வரை விடலாம், கண்ணாடி பெயின்ட்டைவிடப் பொறுக்கும். போர் தண்ணீரில் சிலிக்கா இருந்தால் அது வினிகருக்கு மசியாது. அதற்கு, கண்ணாடிக்கு மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் தயிர் பதத்துக்குக் குழைத்து, கடினமான ஃபெல்ட் பேடால் கையாலேயே தேய்க்க வேண்டும், பொறுமை வேண்டும். பெயின்ட்டில் சீரியம் படவிடாதீர்கள். கண்ணாடி சரியானதும் வைப்பர் ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள். படிவோடு ஓடும் வைப்பர் வில் வடிவில் நிரந்தரக் கோடு போடும்.

மேல்பூச்சு பற்றி ஒரு தெளிவு

வேக்ஸ் போட்டாலும் சீலன்ட் போட்டாலும் செராமிக் கோட்டிங் போட்டாலும் தண்ணீர்க் கறை வரும். செராமிக் போட்டால் கறையே வராது என்று சொல்லி விற்பவர் பாதி உண்மைதான் சொல்கிறார். தண்ணீர் முத்து முத்தாகத் திரளும், அதில் பெரும்பகுதி உருண்டோடிவிடும். ஓடாமல் நின்ற முத்து காய்ந்தால், பரந்திருக்க வேண்டிய சுண்ணாம்பு ஒரு புள்ளியில் குவிந்து அழுத்தமான வட்டமாகத் தெரியும். பூச்சின் உண்மையான பயன், கறை பெயின்ட்டுக்குப் பதில் பூச்சின்மேல் உட்காரும், அரிப்பு தாமதமாகும், துடைப்பது சுலபமாகும். அதற்காகவே போடலாம். நம் வெயிலுக்குக் கார்னோபா வேக்ஸ் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும். சிந்தெட்டிக் சீலன்ட் சில மாதம். கறை எடுத்த அன்றே, வண்டி நன்றாகக் காய்ந்த பிறகு, மெல்லிசாக ஒரு கை பூசிவிடுங்கள். கறையை எடுக்காமல் பூசினால் உள்ளே வைத்துச் சீல் செய்ததாகிவிடும்.

இனி வராமல்

காலை ஏழு மணிக்குள், அல்லது வெயில் தாழ்ந்து வண்டி ஆறிய பிறகு கழுவுங்கள். போர் தண்ணீரிலேயே கழுவலாம், பாதகமில்லை. கடைசியாக ஊற்றும் தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஒரு சிறிய காருக்கு 4, 5 லிட்டர் போதும். இரண்டு லிட்டர் பம்ப் ஸ்பிரேயரில் நிரப்பிக் கூரையிலிருந்து கீழாக அடித்தால் ஒட்டியிருக்கும் போர் தண்ணீர் வழிந்துவிடும்.

அந்த ஐந்து லிட்டர் எங்கே கிடைக்கும்? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே கிடையாது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஓர் இரவில் சில லிட்டர் சேரும். காயிலில் இருக்கும் தூசி வரும் என்பதால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரும் அப்படியே. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், மொட்டை மாடிக் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. மாடி கழுவிய முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் இரண்டு கேன் பிடித்து மூடிவைத்தால் பல வாரத்துக்கு ஆகும். இரண்டும் இல்லையென்றால் ஆர்.ஓ.வின் குடிக்கும் பக்கத் தண்ணீர்.

வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, மொத்த டி.டி.எஸ். குறைவதில்லை. ஆகவே கறை அப்போதும் வரும். ஆனால் அது சோடியம் உப்பு, தண்ணீர் பட்டதும் கரையும், ஈரத்துணியில் போய்விடும்.

துடைப்பதற்குக் கனமான மைக்ரோஃபைபர் டவல், ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர். தேய்க்காமல் விரித்துப் போட்டு இரண்டு மூலையையும் பிடித்து மெல்ல இழுங்கள். அதற்குப் பிறகும் வண்டியில் தண்ணீர் ஒளிந்திருக்கும்: பக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால், நம்பர் பிளேட்டுக்கு அடியில், பெட்ரோல் மூடிக்குள். வண்டியை எடுத்ததும் அவையெல்லாம் சொட்டி வழிந்து, காய்ந்தபின் கதவில் நீளக் கோடாக நிற்கும். வண்டியை நூறு அடி ஓட்டிப் பிரேக் போட்டு நிறுத்தி, வழிந்ததைத் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள்.

நிறுத்தும் இடத்தை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். மேலே சின்டெக்ஸ் டேங்க் நிரம்பி வழியும் குழாய் இருக்கிறதா, மாடியில் யாராவது தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார்களா, பக்கத்தில் கட்டட வேலையில் சிமென்ட் பால் தெறிக்கிறதா. டேங்க் வழியும் இடத்தில் தினமும் அதே பத்துத் துளி, அதே இடத்தில் விழுந்து காயும். குழி விழ அதைவிட வேகமான வழி இல்லை. சிமென்ட் பால் தெறித்தால் காய்வதற்குள் கழுவ வேண்டும், இறுகிவிட்டால் நகத்தால் பெயர்க்காமல் வினிகர்த் துணியைத் திரும்பத் திரும்ப ஒற்றிக் கரையுங்கள்.

அபார்ட்மென்ட்டில் தினமும் விடியற்காலையில் வண்டி துடைக்க வருபவர் ஒரே வாளி போர் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த வேலைக்கு அவருக்குக் கொடுத்திருப்பது ஒரு வாளியும் ஒரு துணியும்தான். உங்கள் வண்டிக்கென்று ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் தனியாக வைத்து, "அண்ணே, கடைசியில் இந்த உலர்ந்த துணியால ஒரு தடவை ஒத்தி எடுத்துடுங்க" என்று சொல்லிவையுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஒழுங்காகத் துடைத்தாலே போதும் என்றும் சொல்லுங்கள், அவருக்கும் வேலை மிச்சம்.

டிக்கியில் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பிய ஸ்பிரே பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் கிடக்கட்டும். ஹோட்டல் வாசலில் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் அடித்துவிட்டாலோ, தண்ணீர் லாரி பக்கத்தில் சிந்திக்கொண்டு போனாலோ, அன்றைக்கே நிழலில் நிறுத்தித் தாராளமாகத் தெளித்து, அரை நிமிடம் ஊறவிட்டு ஒற்றியெடுங்கள். அன்று ஈரத்துணிக்குப் போகும் கறை, ஒரு வாரம் வெயிலில் நின்றால் வினிகர் கேட்கும், ஒரு மாதம் நின்றால் பாலிஷ் மெஷின் கேட்கும்.